முற்றத்து வெயிலும் எலும்பின் வலிமையும்

பொதிகை மலையில் பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்து ஓடிவரும் தாமிரபரணி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம் புன்னக்காயல். நண்பகல் வேளையில் அந்த முகத்துவாரக் கரையில் நின்றால், தலைக்கு மேலே சூரியன், கண்ணைக் கூசவைக்கும் கடல், காலைச் சுடும் மணல். படகையும் வலையையும் நம்பி வாழும் அவ்வூர் மக்களுக்கு வெயில் என்பது தேடிப் போகவேண்டிய பொருளன்று. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் காயல்பட்டினம். அங்கும் அதே கடல், அதே சூரியன். ஆனால், பகற்பொழுதை வீட்டினுள்ளேயே கழிக்கும் நம் தாய்மார்களின் மேனியில் அந்த வெயில் நாளொன்றுக்கு எத்தனை நிமிடங்கள் படுகின்றது?

இந்தக் கேள்வி காயல்பட்டினத்துக்கு மட்டும் உரியதன்று. கீழக்கரை, மேலப்பாளையம், அதிராம்பட்டினம் என்று நம்மவர் வாழும் ஊர்களுக்கும், சென்னையிலும் துபாயிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் இல்லங்களுக்கும் உரியது. ஆண்டுதோறும் அக்டோபர் 20 ஆம் நாள் உலக எலும்புப்புரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. எலும்பு ஆய்வில் ஈடுபட்டுள்ள சங்கங்கள் அந்நாளை முன்னிட்டுச் சொல்லிவரும் செய்திகளுள், முஸ்லிம் குடும்பங்கள் தம்முடையதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்பு உயிருள்ள பொருள்

எலும்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள 206 எலும்புகளும் ஓயாமல் பழுது பார்க்கப்பட்டு வருகின்றன. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. மற்றொரு வகை அந்த இடத்தில் புதிய எலும்பைப் பூசி நிரப்புகின்றன. ஆண்டொன்றுக்கு நம் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே சேமித்து வைக்கப்பட்டுள்ளது.

இளமையில் சேர்ப்பு மிகுதி, செலவு குறைவு. முப்பது வயதை ஒட்டி இந்தச் சேமிப்பு உச்சத்தை அடைகின்றது. அதன் பின்னர் மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுவதால் அந்தக் கரைசல் வேகம் பெறுகின்றது. எலும்பின் உட்புறம் துளை துளையாகி, சிறு இடறலுக்கே முறியும் நிலைக்கு வருவதைத்தான் எலும்புப்புரை நோய் என்கின்றனர். ஆங்கில மருத்துவத்தில் இதன் பெயர் ஆஸ்டியோபோரோசிஸ். மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகியவையே இதனால் அதிகம் முறியும் இடங்கள்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டிய வேறொரு நோயும் உண்டு. எலும்பின் அளவு குறையாமலே, அதில் கால்சியம் சரிவரப் படியாததால் எலும்பு மென்மையாகிவிடும் நோய் அது. குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ். பெரியவர்களுக்கு வந்தால் ஆஸ்டியோமலேசியா. இதற்கு முதன்மையான காரணம் வைட்டமின் டி குறைவு. உண்ணும் கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள இந்த வைட்டமின் இன்றியமையாதது. இது உணவில் கிடைப்பது சிறிதளவே. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் நம் தோலில் படும்போது உடலே இதை உண்டாக்கிக்கொள்கின்றது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கின்றன.

நாசிக்கும் ஸ்ரீநகரும் கற்பித்த பாடம்

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள இந்த உறவை உலகம் உணர்ந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும், குறிப்பாக முஸ்லிம் இல்லங்களுக்கும், ஓர் இடம் உண்டு.

1919 ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் ஹுல்ட்சின்ஸ்கி, புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைக் காட்டியே குழந்தைகளின் ரிக்கெட்ஸ் நோயைக் குணப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1922 இல், நாசிக் நகரில் ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் தாம் கண்டதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். நல்ல உணவுக்குக் குறைவில்லாத, ஆனால் பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் வெளிச்சம் காணாது உள்ளறைகளில் வாழ்ந்த வசதியான முஸ்லிம், இந்துக் குடும்பங்களில் இந்நோய் இருந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வயற்காட்டில் உழைத்த ஏழைகளிடம் அது காணப்படவில்லை. நோயுற்ற குழந்தைகளின் உணவை மாற்றாமல், வெயிலையும் வெளிக்காற்றையும் கொண்டே அவர்களைத் தேற்றவும் முடிந்தது.

இதைவிடத் தெளிவான சான்று காஷ்மீரிலிருந்து வந்தது. ஸ்ரீநகரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர் 1928 இல் ஒரு நூல் வெளியிட்டார். நகரத்தின் நெருக்கமான வீடுகளில் அடைந்து வாழ்ந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு மென்மையாகி, வளைந்து, குறுகிப்போயிருந்ததையும், பிள்ளைப்பேறு அவர்களுக்கு உயிர்ப் போராட்டமாக இருந்ததையும் அவர் கண்டார். அதே ஊரில் ஜீலம் ஆற்றிலும் ஏரிகளிலும் படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஹாஞ்சி இனப் பெண்களோ எளிதாகப் பிள்ளை பெற்றனர். இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று: படகில் வாழ்ந்த அந்தப் பெண்களும் முஸ்லிம்களே! ஆக, வேறுபாடு மார்க்கத்தில் இல்லை. ஒருவருக்கு வெயில் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

அதே காலக்கட்டத்தில் டாக்டர் டாக்மர் வில்சன் என்பவர் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வும் எலும்பு மென்மை நோயால் அல்லலுற்ற பெண்களைப் பற்றியதே. 1962 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். கடல் கடந்து வாழும் நம் குடும்பங்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெயில் கொளுத்தும் நாட்டில் வெயில் பஞ்சமா?

'அதெல்லாம் அந்தக் காலம். இன்று யார் இருட்டறையில் வாழ்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். அண்மைக்கால ஆய்வுகள் தரும் விடை வியப்பளிக்கின்றது.

2000 ஆம் ஆண்டில் புது டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் நோயற்றவர்கள் பலரின் இரத்தத்தைச் சோதித்தனர். திறந்தவெளியில் பயிற்சி செய்யும் படைவீரர்களிடம் வைட்டமின் டி போதிய அளவில் இருந்தது. மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நாள் முழுதும் பணியாற்றிய மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் அது மிகக் குறைவாக இருந்தது. நோய் தீர்ப்பவர்களின் நிலையே இது! திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வுகளில் நகரத்தாரைவிட வயலில் உழைக்கும் கிராமத்தாரிடம் அளவு கூடுதலாக இருந்தது. ஆயினும் கிராமத்தாரின் உணவில் கால்சியம் மிகக் குறைவாகவே இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நின்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் முதுகெலும்பில் எலும்புப்புரை காணப்பட்டது.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, வைட்டமின் டி குறைவு பர்தா அணியும் பெண்களுக்கு மட்டும் உரிய நோயன்று. கூரைக்குக் கீழே நாளைக் கழிக்கும் எவருக்கும் வரக்கூடியது. மற்றொன்று, வெயில் மட்டும் இருந்தால் போதாது. தட்டில் கால்சியமும் இருக்க வேண்டும். புன்னக்காயல் கரையில் வெயிலில் நிற்கும் சகோதரிக்கும் இந்த இரண்டாவது பாடம் பொருந்தும்.

மூடப்பட்டது எது?

நம் முன்னோர் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவே வானம் பார்த்த முற்றம். அங்கேதான் மிளகாய் காயும், நெல் காயும், தலைமுடி உலரும், குழந்தை தவழும். காயல்பட்டினத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவரத் தனிச் சந்துகளே விடப்பட்டிருந்தன. அந்நியர் பார்வை படாமல் வெயிலும் காற்றும் பெறுவதற்கு அன்றைய வீடுகளே வழி செய்தன.

இன்று நாம் என்ன செய்தோம்? இடம் போதவில்லை என்று முற்றத்துக்குக் கூரை போட்டோம். சன்னலுக்குக் கருங்கண்ணாடி பொருத்தினோம். மொட்டை மாடியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் உடைசல் சாமான்களுக்கும் கொடுத்துவிட்டோம். பர்தா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. மறைந்துபோனது முற்றம்தான். எனவே, 'உடையைக் குறை' என்று யாரேனும் அறிவுரை சொன்னால், அதற்குத் தேவையே இல்லை என்று நாம் துணிந்து கூறலாம். வீட்டுக்குள் ஒரு துண்டு வானத்தை மீட்டுக்கொள்வதே இதற்குரிய மருந்து. புதுவீடு கட்டும் சகோதரர்கள் வரைபடம் போடும்போதே முற்றத்துக்கோ, ஆளுயரச் சுவர் சூழ்ந்த மாடிக்கோ இடம் ஒதுக்கட்டும். மாடி இருப்பவர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் துளைக்கற்களோ தட்டியோ வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

எந்த நேரம், எவ்வளவு நேரம்?

'இளங்காலை வெயில் நல்லது' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உடலுக்கு இதமானதே, ஆனால் வைட்டமின் டி உண்டாக அது போதாது. சாய்ந்து வரும் கதிரில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் மிகவும் குறைவு. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலே தென்னிந்தியாவில் ஏற்றது என்பது திருப்பதி ஆய்வாளர்களின் முடிவு. கடிகாரம் இல்லாவிட்டாலும் நிழலைப் பார்த்து அறியலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது பயனுள்ள வெயில். நிழலைக் கொண்டு தொழுகை வேளையைக் கணித்த சமுதாயத்துக்கு இந்தக் கணக்குக் கடினமானதன்று. லுஹர் பாங்கை ஒட்டிய நேரம் என்று நினைவில் கொண்டால் போதும்.

முகம், முழங்கை வரையான கைகள், கணுக்காலுக்கு மேல் சிறிது ஆகியவற்றில் வெயில் படுமாறு வாரத்தில் சில நாட்கள் 15 முதல் 30 நிமிடம் இருக்கலாம். கருநிற மேனியினருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. தோல் எரியும் அளவுக்கு நிற்கக் கூடாது. மூடிய கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து பயனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். துணி உலர்த்துவது, கீரை ஆய்வது, அரிசி புடைப்பது போன்ற வேலைகளை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் இதற்கென்று தனி நேரம் தேவைப்படாது.

பிள்ளைபெற்று நாற்பது நாள் அறையில் இருக்கும் இளந்தாய்மாரையும், நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் சகோதரிகளையும் குடும்பத்தார் மறந்துவிடக் கூடாது. வீட்டு முற்றமும் வீட்டைச் சேர்ந்ததே. இருட்டறையில் அமர்ந்திருப்பது இத்தாவின் நிபந்தனையன்று.

தட்டில் இருக்க வேண்டியவை

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்துள்ளது. முன்னர் இந்த அளவு 600 ஆக இருந்தது. பாலூட்டும் தாய்க்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் 1200 வேண்டும். ஒரு குவளைப் பாலில் கிடைப்பது ஏறத்தாழ 240 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் உண்டு. தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவையும் துணை நிற்கும். கடற்கரை ஊரார்க்கு மற்றொரு வரம், முள்ளோடு மென்று உண்ணக்கூடிய நெத்திலி. சாளை மீனில் வைட்டமின் டி-யும் உண்டு. பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி இருக்கட்டும். அன்றாடத் தட்டில் இவையும் இருக்கட்டும்.

கடைகளில் விற்கும் பால், சமையல் எண்ணெய் ஆகியவற்றுள் சிலவற்றில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்க்கப்படுகின்றன. 2018 இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கான விதிகளை அறிவித்தது. அத்தகைய உறையின் மீது கூட்டல் குறியோடு 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருக்கும்.

மாத்திரை பற்றிய எச்சரிக்கை

நம் நாட்டில் வைட்டமின் டி பெரும்பாலும் 60,000 யூனிட் கொண்ட மாத்திரையாகவோ பொடியாகவோ எழுதித் தரப்படுகின்றது. வாரம் ஒன்று, அதுவும் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் என்பதே வழக்கமான முறை. 'சத்து மாத்திரைதானே' என்று நாள்தோறும் விழுங்கினாலோ, மாதக்கணக்கில் தாமாக வாங்கித் தொடர்ந்தாலோ இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மயக்கம், சிறுநீரகக் கேடு வரை கொண்டுபோய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் கால்சியம் மாத்திரை உண்ணக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நோன்பு மாதத்தில் எப்போது உண்பது என்பதையும் அவரிடமே கேட்டு, ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

ஸஜ்தாவிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, படியேறத் தொடை வலுவின்மை, இடுப்பிலும் விலாவிலும் தீராத வலி, அசைந்தாடி நடத்தல், உயரம் குறைதல், முதுகு கூனல் ஆகியவற்றை 'வயசாச்சு' என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா என்னும் கருவி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்த அளவுகோலின்படி மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை மட்டும் சோதித்துச் சொல்லும் எண் ஒரு குறிப்பே. அதைக் கொண்டு உடனே மருந்து வாங்கிவிடக் கூடாது.

ஆய்வுச் சங்கங்களின் பணி

எலும்பைப் பற்றிய இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று, ஒருவரால் வந்ததுமன்று. பிரிட்டனில் 1950 இல் எலும்பு, பல் சங்கம் என்ற பெயரில் ஆய்வாளர்கள் ஒன்றுகூடினர். அதுவே இன்று எலும்பு ஆய்வுச் சங்கமாக விளங்குகின்றது. அமெரிக்காவில் இத்தகைய சங்கம் 1977 இல் தோன்றியது. நம் நாட்டில் இந்திய எலும்பு, தாது ஆய்வுச் சங்கம் மருத்துவர்களையும் அறிவியலாரையும் ஆண்டு மாநாடுகளில் ஒன்றுகூட்டி வருகின்றது. புதிய ஆய்வுகளை அரங்கேற்றுவதும், இளம் ஆய்வாளர்களை ஊக்குவிப்பதும் இத்தகைய சங்கங்களின் பணிகள். அக்டோபர் 20 என்னும் நாள் 1996 இல் பிரிட்டனில் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து உலக நாளாக விரிந்தது. 1998 இல் உருவான பன்னாட்டு எலும்புப்புரை நிறுவனம் இன்று அதை முன்னின்று நடத்துகின்றது.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இத்துறையை ஏறெடுத்துப் பார்க்க வேண்டும். கோஷா இல்லங்களின் உள்ளே சென்று தாய்மாரிடம் பேசி ஆய்வு நடத்த, அவ்வில்லங்களிலிருந்தே வந்த பெண் மருத்துவரைவிடத் தகுதியானவர் யார்?

அக்டோபர் 20-க்குள் நாம் செய்யக்கூடியவை

ஆய்வுச் சங்கத்தில் உறுப்பினராவதற்குப் பட்டம் வேண்டும். தம் வீட்டு எலும்புகளைக் காப்பதற்கு அக்கறை ஒன்றே போதும். வரும் அக்டோபர் 20-ஐ முன்வைத்துக் கீழ்க்காண்பவற்றைத் திட்டமிடலாம்.

1. பெண்கள் மதரசாவிலும் மகளிர் மன்றத்திலும் ஒரு பெண் மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். கேள்விகளை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கினால் கூச்சமின்றிப் பலரும் கேட்பார்கள்.

2. முகாம் நடத்தும் ஜமாஅத்தும் இளைஞர் சங்கமும் சத்துப்பொடி விற்பனைக்கு அங்கே இடம் தராதிருக்கட்டும்.

3. நம் பள்ளிக்கூடங்களில் மாணவியருக்கு மறைவான விளையாட்டிடம் ஒன்று உண்டா என்று பாருங்கள். எலும்புச் சேமிப்பு நடைபெறும் வயது அதுவே. ஓட்டமும் குதித்தலும் எலும்பைக் கெட்டியாக்கும்.

4. வீட்டு முதியோர் ஒளு செய்யும் இடத்திலும் குளியலறையிலும் வழுக்காத தரையும், பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் அமையுங்கள். தஹஜ்ஜுதுக்கும் பஜ்ருக்கும் இருட்டில் எழுந்து நடப்பவர்களுக்கு வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. அதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுங்கள். நாற்காலியையும் போட்டுக் கொடுங்கள்.

5. மொட்டை மாடியை ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கு செய்து, தாயும் மகளும் மருமகளும் சேர்ந்து அமர ஒரு பாய் விரிக்கும் இடத்தை உண்டாக்குங்கள்.

சகோதரர்களே! இவற்றுள் கடைசிப் பணி உங்களுடையது. மாடிச் சுவரை உயர்த்தவும், முற்றத்துக் கூரையை நீக்கவும் உங்கள் கை முன்வர வேண்டும். வீட்டுப் பெண்களுக்குத் தங்கத்தில் வளையல் வாங்கிக் கொடுப்பதில் நம்மவர் குறை வைப்பதில்லை. அந்த வளையலைத் தாங்கும் மணிக்கட்டு முறியாமல் காப்பதும் அந்தக் கடமையில் அடங்கும்.

சகோதரிகளே! தாமிரபரணிக் கடைமுகத்தில் விழும் அதே வெயில், செலவின்றி உங்கள் கூரைமேலும் நாள்தோறும் வந்து இறங்குகின்றது. நாளை லுஹருக்குச் சற்று முன்பே ஒரு பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குச் செல்லுங்கள். வீட்டில் முடங்கியிருக்கும் பெரியம்மாவின் கையைப் பிடித்து, மெதுவாக, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.